சஹ்யாத்ரி குருசாமி

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பைத் தமிழரில் ஒரு சாராருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று மணிக்கே விடிந்துவிடும். வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாட்டுங்கா மாமா ஒருவர் தலைமை. செம்பூரிலிருந்து இரண்டு மாமிகள், தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து நாலைந்து திருநெல்வேலிப் பையன்கள், அலுவலகத்தில் தூக்கம் தொலைத்த ஐடிக்காரர் ஒருவர்: இத்தனை பேரும் தாதரில் கசாரா லோக்கலையோ கர்ஜத் லோக்கலையோ பிடித்தாக வேண்டும். ரயில் தடப் பராமரிப்புக்கான மெகா பிளாக் தொடங்குமுன் நகரத்தைத் தாண்டுவதே அன்றைய முதல் சிகரம். எங்கே போகிறீர்கள் என்றால் டிரெக்கிங் என்பார்கள். எதற்கு என்றால் இயற்கையை ரசிக்க என்பார்கள். முதல் பதிலை ஏற்கலாம், இரண்டாவதை ஏற்பதற்கில்லை. இவர்கள் போவது யாத்திரை. மாமாதான் குருசாமி, கழுத்தில் மாலை இல்லை, விசில் இருக்கிறது.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. கன்னிசாமி யார், எத்தனையாவது மலை என்ற கணக்கு அவரிடம் உண்டு. ‘இன்னும் எவ்வளவு தூரம் அங்கிள்?’ என்று பையன்கள் கேட்டால், அடிவாரத்திலும் பாதி வழியிலும் உச்சிக்கு நூறடி கீழேயும் ஒரே பதில்தான்: ‘அஞ்சே நிமிஷம்ப்பா.’ மாமிகளின் பையில் புளியோதரையும் தயிர்சாதமும் தனித்தனித் தூக்கில் ஏறுகின்றன. உச்சிக்கு முன் அவற்றைத் திறப்பது குற்றம். போகும் மலைகளையும் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டர். பாரி கிராமத்திலிருந்து ஏறி, செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகளைக் கடந்து மூச்சு வாங்க நின்றால் எதிரே அம்மன் கோயில். ஹரிச்சந்திரகட்டில் சிவன் கோயில். காண்டஸ் வழியாகக் காடேறினால் பீமாசங்கரில் ஜோதிர்லிங்கம். சாமி இல்லாத கோட்டைகளும் உண்டே என்றால், அங்கே சத்ரபதி சிவாஜி இருக்கிறார். காவிக்கொடியின் கீழே எழும் ஜயகோஷம் சரணகோஷத்துக்குச் சுருதியில் கொஞ்சமும் குறைந்ததில்லை. இந்த மலைகளின் அமைப்பும் பக்திக்குத் தோதானது. ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்ததால் சஹ்யாத்ரி படிப்படியாகத்தான் நிற்கிறது. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளில் பழகிய கால்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உடல்நலத்துக்காகப் போகிறார்கள், இதில் பக்தி எங்கே என்று மறுப்பவர் உண்டு. சர்க்கரையைக் குறைக்க மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் போதும், செம்பூரில் டைமண்ட் கார்டன் போதும். அதற்காக எந்த வைத்தியரும் ஒருவரை இரவு மூன்று மணிக்கு எழுப்பியதில்லை. உடம்பை இவ்வளவு வருத்திவிட்டு முகத்தில் இவ்வளவு திருப்தியோடு திரும்புவது விரதக்காரர்களால் மட்டுமே ஆகிற காரியம். இளைஞர்கள் ரீல்ஸ் எடுக்கத்தானே வருகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. வலுவான மறுப்புதான்; ஆனால் அது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. மலைக்குப் போனவர் வராதவர்களுக்குப் பிரசாதம் கொண்டுவர வேண்டும். லட்டு தந்த இடத்தில் இப்போது முப்பது வினாடி வீடியோ. வரிசையில் நின்று, முறை வந்ததும் உச்சிப் பாறையில் சில நொடி நின்று, பின்னால் இருப்பவர் தள்ள நகர்ந்து போகிறார்கள். தரிசனம் வேறு எப்படி இருக்கும்?

இயற்கை ரசிகர் என்ற வாதம் அடியோடு சாய்வது கார்விச் செடியிடம். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதை விட்டு மடியும் செடி அது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2016இல் பூத்தது, 2024இல் மறுபடி பூத்தது. குறிஞ்சித் திணை பற்றித் தமிழ்ச் சங்க விழாக்களில் அரைமணி பேசக்கூடிய குருசாமி, அதே குறிஞ்சிக் குடும்பம் நெஞ்சுயரத்துக்குப் புதராக நிற்கும்போது ‘வழியை மறைக்கிறது’ என்று ஒதுக்கிவிட்டு ஏறுகிறார். பூப்புக்கு உச்சியில்லை, உச்சியில்லாததற்கு அவர் நாட்காட்டியில் இடமில்லை. தாராவிக்கு எதிரே, சாலையைக் கடந்தால், மாஹிம் இயற்கைப் பூங்கா. குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் மரம் வளர்த்து 1994இல் திறந்தார்கள். மித்தி ஆற்றோரம் 37 ஏக்கர் நிழல். ரயிலேற வேண்டாம், மெகா பிளாக் தொல்லையில்லை. குழுவில் அதன் பெயரை எடுத்தால், ‘அது குழந்தைகளுக்கு’ என்று தீர்ப்பாகிவிடுகிறது. கோட்டைகளிலும் இதே கதைதான். 2025இல் யுனெஸ்கோ மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது, 1677இல் சிவாஜி கைப்பற்றிய நம் செஞ்சி. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான லோஹகட்டைக் கல் கல்லாக அறிந்த மாமா, கோடை விடுமுறையில் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் வழியில் செஞ்சியைப் பேருந்து ஜன்னலோடு முடித்துக்கொள்கிறார்.

இதனால் அவரைக் கேலி செய்து ஒதுக்கிவிடலாமா? கூடாது. மாட்டுங்காவையும் செம்பூரையும் தாராவியையும் ஒரே தூக்குப் புளியோதரையின் முன் உட்கார வைக்க இந்த நகரத்தில் வேறு எவராலும் ஆகவில்லை. யாத்திரை என்பதால்தான் அவரால் ஆயிற்று. குறை பக்தியில் இல்லை, அது உச்சிக்கு மட்டும் போய்ச் சேருவதில் இருக்கிறது. பாதையோரத்துச் சிப்ஸ் உறைகளும் காலிப் பாட்டில்களும் அதன் விளைவு. பிராகாரத்தில் குப்பை போடத் தயங்குகிறவர் பாதையைப் பிராகாரமாக நினைப்பதில்லை. இதற்கு மருந்தை வெளியே தேட வேண்டியதில்லை. திருமலைக்கு நடந்து ஏறும் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார்கள். வழியையும் வணங்கத் தெரிந்த மரபுதான் நம்முடையது. கணக்குப்படி போரிவலியில் கார்வி அடுத்துப் பூக்க வேண்டியது 2032இல். அன்று குருசாமி விசிலை ஊதி, உச்சிக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே எல்லாரையும் ஒரு புதரின் முன் உட்காரவைத்துத் தூக்கைத் திறக்கச் சொன்னாரானால், இயற்கை ரசிகர் என்ற பட்டத்தை அவருக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.