சொட்டு விழுந்தா கத்துமாம்!

ஏலே தம்பி, தண்ணி தெறிச்சா கண்டுபிடிக்க ஒரு பெட்டி செஞ்சிருக்கியாமே? கொல்கத்தா கிடர்பூர்ல, மழைக்காலத்துல, "தண்ணி வந்துருச்சா?"ன்னு பெட்டிகிட்ட கேக்கப் போறியோ? முழங்காலு சொல்லாதா?

சரி, காட்டு. ரெண்டு செம்புக் கம்பி, நடுவுல சந்து. தண்ணி விழுந்தா கரண்ட் ஓடும், பீப்பி ஊதும். யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா பனி பெஞ்சாலும் ஊதுமேல? காக்கா எச்சம் போட்டாலும் ஊதுமே? காக்காவுக்கு யாரு நோட்டீஸ் குடுக்கது?

போதாததுக்கு, எந்நேரமும் கரண்டை விட்டு வச்சா கம்பி அரிச்சு பச்சை பூத்துரும். அப்புறம் வெள்ளமே வந்தாலும் பெட்டி வாயைத் தொறக்காது. எவர்சில்வர் போடு. அப்பப்ப மட்டும், திசை மாத்தி மாத்திக் கரண்ட் விடு. கம்பி பதிச்ச பலகையைச் சாய்ச்சு வையி, நனைஞ்சது வடியட்டும். மெல்ல ஏறுத ஈரம் வேற, பொசுக்குன்னு தெறிக்கிற தண்ணி வேற. வேகத்தைப் பாத்துப் பிரிக்கச் சொல்லு.

ஆமா, தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்தியா? இந்த ஊர்ல மேகத்தை மட்டும் பாத்தா ஆவாது, நிலாவையும் பாக்கணும். ஹூக்ளி, கடல் ஓதத்தால நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குத ஆறு. 1892ல இங்க கப்பல் டாக்கைத் தொறந்த வெள்ளைக்காரனே பூட்டுக்கதவு வச்சுத்தான் கப்பலை உள்ள விட்டான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆத்தை எதுத்து ஏறுத 'பான்' அலை வரும்னா, படகுக்காரன் கரையில கட்டுனதை அவுத்து நடு ஆத்துக்குக் கொண்டு போயிருவான். அவன்கிட்ட என்ன பெட்டி இருந்துச்சு?

ஆறு ஏறுனா சாக்கடை மதகை மூடுவாங்க. மூடுன நேரம் மழை கொட்டுனா? வத்தம் வர்ற வரைக்கும் தண்ணி நம்ம தெருவுலதான் குடித்தனம்.

2018ல ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோட, மாநகராட்சி பம்பு நிலையத்துலயும் கால்வாயிலயும் சென்சார் வைக்கக் கிளம்புச்சே, அது வெவரம். அங்க சத்தம் கேட்டா பம்பு போட ஆளு இருக்கு. உன் வாசல்ல கத்துனா யாருல வருவா?

2025 செப்டம்பர் 23 ஞாபகம் இருக்கா? ஒரே நாள்ல 250 மில்லிமீட்டர் கொட்டுச்சு. தெருத்தண்ணியில கரண்ட் அடிச்சுச் செத்தவங்க உண்டு. அதனால வீட்டுக் கரண்டைத் தொடாத, பெட்டிக்குப் பேட்டரியே போதும்.

போ, துறைமுகத்துக்காரங்க போடுத ஓத அட்டவணை ஒண்ணு வாங்கியா. உன் பெட்டிக்குப் பக்கத்துலயே ஒட்டுவோம். எது முந்திச் சொல்லுதுன்னு பாத்துருவோம்ல.