செட்டிங் சார்ஜ்

புதுக் கார் வாங்கிய முதல் மாதத்தில் ஒருவர் வாயிலிருந்து ஆயிரம் என்ற சொல் வராது. எல்லாமே லட்சக் கணக்குதான். ஆன்ரோடு 18 லட்சம், டாப் வேரியண்ட் என்பதால் கூடவே ஒன்றரை, சன்ரூஃப் இல்லாத மாடலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவரை ஆயிரக் கணக்குக்கு இறக்கிக் கொண்டுவர ஒருவரால்தான் முடியும். அவர் போட்டோகிராபர்.

கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை இந்த வகைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பட்டறைக்குப் பதில் ஜவுளிக்கடை வைத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் கஞ்சர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டினால் ஒன்பது வருகிற நம்பருக்காக ஏஜெண்ட் கேட்டதை எண்ணாமல் கொடுத்தவர். பெயிண்டுக்கு மேலே செராமிக் கோட்டிங் என்று ஒன்றுக்கு 35,000 கட்டினார். அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும் என்றார்கள். தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்துக்கொள்கிறார். ஈச்சனாரிப் பிள்ளையார் கோவில் வாசலில் பூஜை போட்டபோது எலுமிச்சம்பழம், பூசணிக்காய், தட்டு எதற்கும் பேரமே இல்லை.

ஷோரூமில் எடுத்த படம் இருக்கிறது. ஆள் உயர அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு அண்ணன், அண்ணி, அம்மா, இரண்டு பிள்ளைகள், மச்சான் குடும்பம், கேட்காமலே வந்து நின்ற சேல்ஸ்மேன். இத்தனை பேருக்கும் பின்னால் எங்கேயோ ஒரு ஹெட்லைட். அதனால்தான் அண்ணனுக்கு ஆசை வந்தது: வண்டி மட்டும் தனியாக, விளம்பரத்தில் வருகிற மாதிரி, பத்துப் படம். வாட்ஸப்பில் வைக்க ஒன்று, பட்டறை ஆபீசில் மாட்ட ஒன்று, சகலைக்கு அனுப்ப எட்டு.

முதல் முயற்சி மச்சான் பையன். அவனிடம் ஐபோன் இருக்கிறது, காசும் கேட்க மாட்டான். வீட்டு வாசலிலேயே நிறுத்தி, காருக்கு இரண்டடி முன்னால் குந்தி உட்கார்ந்து எடுத்தான். போனின் அகன்ற லென்ஸ், பக்கத்தில் இருப்பதை ஊதிக் காட்டும். பம்பர் பல்வலிக்காரர் கன்னம்போல வீங்கி, பின்பக்கம் சூம்பிப் போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பார். வண்டி கறுப்பு. கறுப்புக் கார் என்பது நாலு சக்கரத்தில் ஓடும் நிலைக்கண்ணாடி. பக்கவாட்டில் எடுத்ததில், டிரைவர் பக்கக் கதவில் மச்சான் பையன் அரை டிராயரோடு தெளிவாக இருந்தான். பின்கதவில் எதிர்வீட்டு மாடிக் கொடியும், அதில் காய்ந்த துணிகளும். எதிர்வீட்டாருக்கு அனுப்ப முடியாத படம்.

பிறகுதான் நிஜமான போட்டோகிராபரைத் தேடிப் பிடித்தார்கள். கல்யாணம் எடுக்கிற தம்பிதான். கார் படங்கள் மீது தனிப் பைத்தியம்.

"ஒரு போட்டோவுக்கு எவ்வளவுங் தம்பி?"

"போட்டோக் கணக்கு இல்லீங்ணா. அரை நாள் ஷூட். பத்துப் படம் எடிட் பண்ணிக் குடுத்துருவேன். எட்டாயிரம்."

அண்ணன் மௌனமாக இருந்தார். அந்த மௌனத்தில் கணக்கு ஓடியது. படத்துக்கு 800. பஸ் ஸ்டாப் ஸ்டுடியோவில் எட்டு பாஸ்போர்ட் சைஸ் 100 ரூபாய். "பட்டனை அமுக்கறதுக்கா எட்டாயிரம்? இப்ப ஃபிலிம் செலவுகூட இல்லீங்களே?"

ஃபிலிம் போய்விட்டது, ஆகவே படமெடுக்கச் செலவே இல்லை என்பது இந்த வகையினரின் அசைக்க முடியாத நம்பிக்கை. தம்பி பொறுமையாகச் சொன்னான். நல்ல கேமராவும், தூரத்திலிருந்து எடுக்கிற 70-200 லென்ஸும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தை எளிதாகத் தாண்டும். லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்று ஒரு வட்டக் கண்ணாடி மாட்டித் திருப்பினால்தான் விண்ட்ஷீல்டில் தெரிகிற வானமும் கதவில் தெரிகிற எதிர்வீடும் அடங்கும். ஒரே கோணத்தில் முன்பக்கத்தின் பளபளப்பு அடங்கும்போது பின்பக்கத்தில் அடங்காது. அதனால் டிரைபாடை அசைக்காமல், திருப்பித் திருப்பி நாலைந்து படம் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு ஒரு படமாக்க வேண்டும். எடுப்பது அரை நாள் என்றால் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டு ராத்திரி.

அண்ணன் முகத்தில் அசைவில்லை. தம்பிக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரே ஒரு பீஸ் கடைஞ்சு குடுங்கன்னு வந்தா நீங்க செட்டிங் சார்ஜ் வாங்குவீங்களா மாட்டீங்களா?" என்றான்.

"வாங்காம? டூல் மாத்தி, ஜாப்பை சென்டர் பார்த்து..." என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நின்றார். தன் தொழிலின் நியாயம் இன்னொருவன் வாயில் வரும்போது மனிதனுக்கு ஏற்படும் அசௌகரியம் அவர் முகத்தில் தெரிந்தது. நியாயத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, "சரி, ஆறரை வாங்கிக்கங்க" என்றார்.

இடத்தைப் பற்றி ஒரு வாரம் பேச்சு ஓடியது. அண்ணனுக்கு வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் வேண்டும். ஒன்பதாவது வளைவில் வரையாடு வந்து பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. வரையாட்டுக்குத் தேதி சொல்ல முடியாது என்று தம்பி சொன்னான். அவினாசி ரோடு கார் மியூசியத்துக்குள்ளே விடுவார்களா என்றார். அங்கே பக்கத்தில் நிற்கப்போகிற பழைய கார்களைப் பார்த்தபின் உங்கள் காரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டான். கடைசியில் சிறுவாணி ரோட்டில், பின்னால் வெள்ளியங்கிரி மலை தெரிகிற ஓர் இடம் முடிவானது. விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும். சூரியன் எழும்புவதற்குச் சற்று முன்பிருந்து ஒரு அரை மணி நேரம், வானம் முழுக்க ஒரே பெரிய விளக்காக இருக்கும். காரின் வளைவெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அண்ணன் ஏழே காலுக்கு வந்தார். இட்லிப் பார்சலோடும் மச்சானோடும் அம்மாவோடும்.

வண்டியை நிறுத்தியதும் தம்பி கண்ணில் முதலில் பட்டது, முன் பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். அப்புறம் சீட்டுகளின் மேல் இன்னும் பிரிக்காத பாலிதீன். அப்புறம் பின்கண்ணாடியில் இரண்டு பிள்ளைகளின் பெயரும்.

"அண்ணா, அந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் கழட்டிட்டா..."

"போட்டோவுல கழட்டிருங்க தம்பி. கார்ல இருக்கட்டும்."

பாலிதீனுக்கும் அதே தீர்ப்பு. தீர்ப்பு ஒவ்வொன்றும் தம்பியின் ராத்திரியில் அரை மணி நேரம். ஆறரைக்குப் பேசியதில் இதெல்லாம் சேர்த்தியா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அம்மா வேறு இட்லி எடுத்து வைத்துவிட்டார்.

உச்சகட்டம் ரிக் ஷாட்டில் வந்தது. கார் பறக்கிற மாதிரி, சாலை கோடு கோடாக ஓடுகிற மாதிரி விளம்பரங்களில் ஒரு படம் வரும். காரிலேயே உறிஞ்சு கப்புகளால் ஒரு நீளக் கம்பியை ஒட்டி, அதன் நுனியில் கேமராவை மாட்டி, ஷட்டரைச் சில வினாடிகள் திறந்து வைத்து எடுப்பது. கார் ஆமை வேகத்தில் நகர்ந்தாலே போதும், படத்தில் பறக்கும். இன்ஜினைப் போட்டால் அதிர்வில் படம் கலங்கும் என்பதால் அணைத்துவிட்டுத் தள்ளுவார்கள். கம்பியைப் பிறகு அழித்துவிடலாம்.

"தள்ளணுமா?"

"மெதுவா தள்ளுனாப் போதுங்ணா. நானும் மச்சானும் தள்ளறோம், நீங்க ஸ்டியரிங் மட்டும் புடிச்சுக்கங்க."

"18 லட்ச ரூவா வண்டிய நடுரோட்ல தள்றதா? பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

நினைப்பதற்கு ஆளும் வந்தார். மொபெட்டில் பால் கேனோடு போனவர் வண்டியை ஓரங்கட்டி, காலை ஊன்றி, "பேட்டரி போயிருச்சுங்களா? இந்தக் கம்பெனி வண்டிக்கே அதாங் கோளாறு" என்றார். கேனை இறக்கி வைத்துவிட்டு அவரும் ஒரு கை கொடுத்தார். அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல இருந்தார். தம்பிக்கு அது வசதியாகப் போயிற்று. டிரைவர் இல்லாமல் சீட் சுத்தமாக விழுந்தது.

நாலு நாள் கழித்துப் படங்கள் வந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், அபாரமான படங்கள். ஏழே காலுக்கு மேல் எடுத்த வெயிலை அந்தப் பையன் எப்படி ஐந்தரை மணியாக்கினான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மலை நீலமாக நின்றது, எலுமிச்சம்பழம் போயிருந்தது, வண்டி பறந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "பரவால்லீங், வண்டி லட்சணமா இருக்கறதுனால படமும் அம்சமா வந்துருக்குது." இந்தத் தொழிலின் சாபமே இதுதான். படம் நன்றாக வந்தால் கார் அழகு. வராவிட்டால் எடுத்தவன் சரியில்லை.

ஆறரையில் ஐந்தரைதான் கொடுத்தார். மீதிக்குப் பதில் "நாலு பேருகிட்டச் சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார், சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவர் என்று அவரைப் பற்றி யாரும் பேச முடியாது. பெரிய ஃபைலை வாட்ஸப் நசுக்கிச் சிறிதாக்க, அந்தப் பறக்கும் படம் சொந்தபந்தம் முழுக்கப் போனது. "நூத்திருபதுல போகையில எடுத்தது" என்று ஒரு வரியும் கூடவே போனது. தம்பி மூலையில் பொடியாகப் போட்டிருந்த தன் பெயர், வாட்ஸப்பில் வைக்க வட்டப் படமாக வெட்டியதில் காணாமல் போயிருந்தது.

சகலை உடனே போன் போட்டார். அவரும் போன மாதம்தான் வெள்ளைக் கார் ஒன்று எடுத்திருந்தார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அங்கேதான் அண்ணனுக்குள் இருக்கும் இன்னொரு மனிதர் விழித்துக்கொண்டார். பேரம் பேசிக் குறைத்ததைப் பெருமையாகச் சொல்வதா, நிறையச் செலவழித்ததைப் பெருமையாகச் சொல்வதா? சகலையிடம் பேசும்போது இதில் யோசிக்க எதுவும் இல்லை.

"பதினஞ்சு ஆச்சுங். நல்லது வேணும்னா குடுத்துத்தானுங் ஆவோணும்."

மறுநாள் சகலை தம்பியைக் கூப்பிட்டார். தம்பி வழக்கம்போல எட்டாயிரம் என்றான். மறுமுனையில் சந்தேகமான அமைதி.

"ஏன் தம்பி, எங்க சகலைகிட்டப் பதினஞ்சு வாங்கியிருக்கீங்க. எனக்கு மட்டும் எட்டுன்னா என்ன அர்த்தம்? ஏனோதானோன்னு எடுத்துக் குடுப்பீங்களா?"

தம்பிக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும், "இல்லீங்ணா, தப்பாச் சொல்லிட்டேன். உங்களுக்கும் பதினஞ்சுதாங்" என்றான்.

"பதினஞ்சா?" என்றார் சகலை. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி. பட்டனை அமுக்கறதுக்கு இவ்வளவா?"