ராஸ்பெரியின் இடத்தில் வாழை: தன்னாமுனை வளவுகளில் இனத்தெரிவு பற்றிய ஓர் ஆய்வு

வீட்டுத் தோட்டத்துக்கு உகந்த ராஸ்பெரி இனங்களைத் தெரிவு செய்வது பற்றி மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்கள் மிக விரிவாகப் பேசுகின்றன. ஆயினும் மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே, வாவியை அண்டிக் கிடக்கும் தன்னாமுனையை அவை கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. இதில் நூலாசிரியர்களைக் குறைகூற இடமில்லை. ராஸ்பெரி குளிர்நாட்டு முட்புதர். அதன் மொட்டுகள் உறக்கம் கலைந்து விரிய வேண்டுமாயின், 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் பல நூறு மணிநேரம் கிடந்திருக்க வேண்டும். தன்னாமுனையிலோ மார்கழி மழையிரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அப்பழம் இவ்வூருக்குச் சிவப்பு ஜெலிப் பெட்டியின் மேலட்டையிலும், கனடாவில் குடியேறிய உறவினர் தம் பின்வளவிலிருந்து அனுப்பும் கைபேசிப் படங்களிலும் மட்டுமே காணக்கிடைக்கிறது.

எனினும் ராஸ்பெரியின் வாழ்க்கைமுறை இவ்வூருக்குப் புதியதன்று. அதன் வேர் பல்லாண்டு நிலைப்பது. வேரிலிருந்து எழும் தண்டு முதலாண்டு வளர்ந்து, மறு ஆண்டு காய்த்து, அத்தோடு மடிய, அதற்குள் பக்கத்தில் வேறு தண்டுகள் கிளம்பியிருக்கும். காய்த்ததும் தாய் மடிவது, அடியிலிருந்து பிள்ளை எழுவது என்னும் இதே ஒழுங்கைத் தன்னாமுனைக் கிணற்றடியில் வாழை வழுவாமல் கடைப்பிடிக்கிறது. வாழையில் தண்டெனக் கண்ணுக்குத் தெரிவது ஒன்றையொன்று சுற்றிய இலைமடல்களாலான பொய்த்தண்டு என்பதும், மெய்த்தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது என்பதும் மட்டுமே வேறுபாடு. அதையும் வெட்டிப் பார்த்தாலன்றி யாரும் பொருட்படுத்துவதில்லை.

இனத்தெரிவு என்னும் மையச் சிக்கலில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. மேலைநாட்டுத் தோட்டக்காரர் விலைப்பட்டியலை விரித்து, நியூயோர்க்கில் 1969இல் வெளியிடப்பட்ட ஹெரிட்டேஜ் நல்லதா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவான துலமீன் நல்லதா என்று குளிர்காலம் முழுவதும் சிந்திக்கிறார். அயலவர் வேலியோரம் தோண்டித் தரும் குட்டிகளை ஏற்க வேண்டாம் என்றும், அவற்றோடு வைரசு நோய்களும் வந்துவிடும் என்றும் அவருடைய கைநூல் எச்சரிக்கிறது. தன்னாமுனை மரபோ முழுக்க முழுக்க அந்த அயலவரையே அடித்தளமாகக் கொண்டது. வேலிக்கு இப்பால் நின்று, “மாமி, உங்கட வாழையில ஒரு குட்டி தாங்க” என்று கேட்பதோடு தெரிவு தொடங்குகிறது. “அதுக்கென்ன மகன், தோண்டி எடுங்க” என்ற விடையோடு முடிகிறது. இது என்ன இனம் என்று மேலும் வினவுவோருக்கு, “நல்ல இனம்” என்ற விளக்கம் கிடைக்கும். வாழையின் முடிக்கொத்து நோயும், அதாவது இலைகள் குறுகி உச்சியில் நெருங்கி நின்று குலையே ஈனாதுபோகும் வைரசு நோயும், இவ்வழியே வேலி தாண்டுவதால், மேலைநாட்டுக் கைநூலின் எச்சரிக்கை அறிவியல்படி சரியானதே. மாமியிடம் அதை எடுத்துரைக்கும் முறையை மட்டும் அந்நூல் கற்பிக்கவில்லை.

“நல்ல இனம்” என்னும் வகைப்பாட்டின் போதாமையை உணர்ந்தோ என்னவோ, சிமண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் அறிஞர் இருவர் 1955இல் வாழைகளுக்குப் புள்ளியிடும் முறையொன்றை வகுத்தனர். பயிரிடப்படும் வாழைகளிற் பெரும்பாலானவை மூசா அக்யூமினாட்டா, மூசா பல்பிசியானா என்னும் இரு காட்டினங்களின் வழிவந்தவை; ஆகவே இலைக்காம்பின் வாய்க்கால் விரிந்திருக்கிறதா குவிந்திருக்கிறதா, பொத்தியின் மடல் விரிந்தபின் மேல்நோக்கிச் சுருள்கிறதா இல்லையா என்பனபோன்ற 15 இயல்புகளை நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட்டால், 15 பெறுவது தூய அக்யூமினாட்டா, 75 பெறுவது தூய பல்பிசியானா, இடைப்பட்டவை கலப்பு என்று கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, கறிவாழையான மொந்தன், அக்யூமினாட்டாவின் ஒரு பங்கும் பல்பிசியானாவின் இரு பங்கும் கொண்ட கலப்பு. இம்முறையின் ஒரே இடர், பொத்தி தள்ளும்வரை கணக்கை முடிக்க இயலாது என்பதே. கதலி என்று நம்பி வாங்கி, ஓராண்டுக்குக் கிட்ட நீரூற்றியபின் அது மொந்தன் என்று தெரியவரும்போது, புள்ளிகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆறுதல் தருவதில்லை. அதன்பின் அவ்வீட்டார் வறைக்கும் பொரியலுக்கும் மொந்தனே சிறந்தது என்று வாதிடத் தொடங்குவதும், இதரை, கப்பல் என்னும் வாழைப்பழங்கள் எப்போதும் கடையில் வாங்கக்கூடியவைதாமே என்று கூறுவதும் இயல்பு.

நடுமிடத்தைத் தெரிவது எளிது. அதைக் குசினியும் கிணறும் முன்பே தீர்மானித்துவிட்டன. மணற்பாங்கான நிலத்தில் நீர் நில்லாது வடிந்துவிடுவதால், பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ஓடிச்சேரும் மூலையே வாழைக்குரியது. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் காற்று இலைகளைக் கிழித்துச் சாப்பாட்டுக்கு உதவாதனவாக்கும். வடகீழ்ப் பருவமழை கடுத்துத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இவற்றுக்கிடையே குலை தள்ளிய வாழைக்குக் கவைக்கோலால் முட்டுக்கொடுப்பது வழக்கம். தென்னைகளையே வேரோடு சாய்த்த 1978 நவம்பர்ப் புயலைக் கண்ட முதியோர் அக்கோலை நம்புவதில்லை, ஆயினும் நடத் தவறுவதுமில்லை.

குட்டியைப் பொறுத்தவரை, அகன்ற இலை விரித்துச் செழிப்பாகத் தோன்றுவதைத் தவிர்த்து, வாளைப்போல் ஒடுங்கிய இலையுடையதைத் தெரிய வேண்டும். முன்னையது தாய்க்கிழங்கோடு உறவு தளர்ந்த மெலிந்த அடியுடையது, பின்னையது கிழங்கில் உறுதியாகப் பற்றி நிற்பது. விருந்தினருக்கு முன்னையதைக் கொடுத்தனுப்பும் வீடுகளும் உண்டு.

இறுதியாக, தீர்வு காணப்படாத ஒரு சிக்கல். ராஸ்பெரியைப் போலவே வாழையும் தலைமுறைதோறும் பக்கவாட்டில் நகர்வதால், ஒரு வளவில் நட்ட வாழையின் பேரக்குட்டி காலப்போக்கில் வேலிக்கு அப்பால் முளைக்க நேரிடுகிறது. கிழங்கு இவர்களுடையது, குலை அவர்களுடைய வளவில் தொங்குகிறது என்ற நிலையில், குலை கதலியாயின் சீப்புகளைச் சரிபாதியாகப் பிரிப்பது பற்றி இரு வீட்டாரும் நெடுநேரம் பேசுவர். மொந்தனாயின், அது தங்களுடையதன்று என்று இரு வீட்டாரும் உடனடியாக ஒப்புக்கொள்வர்.