வட்டமும் பெருக்கலும்

திருவையாற்றில் தியாகையருடைய தெலுங்குக் கீர்த்தனங்களைப் பொருள் தெரியாமலே கேட்டுத் தலையசைத்து, வேண்டிய இடத்தில் கண்ணீரும் உகுத்துப் பழகிய ஜில்லாவில் பிறந்தவனாதலால், தஞ்சாவூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட ஒரு பிளேஸ்டேஷன் கடையில், கொனாமி கம்பெனியார் 2002-ல் வெளியிட்ட 'வின்னிங் லெவன்' கால்பந்தாட்டம் முழுக்க ஜப்பானிய பாஷையில் இருந்தது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. கோல் விழுந்ததும் வர்ணனையாளர் ஜோன் கபிரா பிடிக்கும் உச்சஸ்தாயி விளங்கிற்று. அதற்குமேல் சாகித்தியம் எதற்கு?

சங்கடம் பொத்தான்களில்தான். அந்நாளைய ஜப்பானிய வட்டுகளில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். அந்நாட்டு வாத்தியார்கள் சரியான விடைக்கே வட்டம் போடுவார்கள் என்று பிற்பாடு அறிந்தபோது, கணக்கு நோட்டில் வட்டத்தைத் தவிர வேறொன்றும் வாங்கியறியாத நான், ஜன்மம் எடுத்த தேசத்தைப் பற்றிச் சற்றே வருந்தினேன்.

மெனுவை நாங்கள் படிப்பதில்லை, எண்ணுவோம். அதில் மேலிருந்து மூன்றாம் வரியை வலப்புறம் திருப்பினால் ஆட்டக்காரர்களுக்குப் பலம் கூடுகிறது என்பது என் கண்டுபிடிப்பு. மேட்டூர் அணை திறந்தால்தான் குறுவை என்பதுபோல, அந்த வரி திரும்பினால்தான் எனக்கு ஆட்டம்.

இந்த நிலையில், எங்கோ இருந்த ரசிகர்கள் கூலி வாங்காமல் இங்கிலீஷில் பெயர்த்த வட்டு ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் பட்ட பிரயாசையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மூலத்தில் ஒரு சொல்லுக்கு ஒதுக்கிய இடத்தை மீற முடியாதாகையால், வரப்பைத் தாண்டாமல் நாற்று நடுகிறவனைப்போல, நீண்ட சொற்களின் வாலை நறுக்கி அடக்கியிருந்தார்கள். உரிமை வாங்காத தோஷத்துக்காக பிரேசில் ஆட்டக்காரர் ரொபேர்ட்டோ கார்லோஸை 'லார்கோஸ்' ஆக்கிய 1998-ஆம் வருஷத்துப் பதிப்பின் விபரீதங்களைக்கூட இத்தகைய புண்ணியவான்கள் திருத்தியதுண்டு. ஆனால் சொற்களை மாற்றியவர்கள் பொத்தான்களை மாற்றவில்லை. இங்கிலீஷ் வட்டுப் பழக்கத்தில் சரி என்று பெருக்கலை அழுத்திய புதியவர்கள் வந்த வழியே வெளியேறினார்கள்.

நான் மூன்றாம் வரியைத் தேடினேன். 'வைப்ரேஷன்' என்றிருந்தது.

"அப்படின்னா என்னண்ணே?" என்றேன் கடைக்காரரிடம்.

"கையில பிடிக்கிற ரிமோட்டு அதிரும் தம்பி. நம்மகிட்ட இருக்கிற ரிமோட்டுல அந்த மோட்டார் எப்பவோ போச்சு."

இரண்டு வருஷ சிரத்தையை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மறுநாள், ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அந்த வரியை வலப்புறம் திருப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பிரேசிலை 2-க்கு 1 என்று வென்றேன்.