தறிவீடும் எதிர்மனை ஐந்து மாடியும்

திருத்தணிப் பக்கத்து எங்கள் அம்மையார்குப்பத்தில் அந்தக் காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் தறிக்கு இடம் பார்ப்பார்கள். ஆட்கள் படுக்கிற இடம் அதற்குப் பிறகுதான். தெருவோரம் திண்ணை, உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் விழுகிற பக்கமாகக் குழித்தறி, அதற்கு முன்னால் பாவுநூலின் நீளத்துக்கு ஒரு கூடம். மிச்சம் கிடைத்ததில் அடுப்பு, சாமி மாடம், பாய் விரிக்கிற மூலை. தெருவும் தொழிலுக்கென்றே விட்டதுதான். விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவித் தோய்ப்பதற்காக நேராக, அகலமாக விட்டிருந்தார்கள். பாவு வெளியே இருக்கிற நேரத்தில் மாட்டுவண்டிகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

எழுபதுகளில் நைனா, என் அப்பா, எங்கள் கூரைவீட்டைப் பிரித்து மச்சுவீடு கட்டினார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொத்தனார் எங்கள் ஊர்க்காரர். சித்தாளாக வந்தவர்கள் பக்கத்துத் தெருப் பெண்கள். தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். அப்புறம் தளம் அடிக்கிற வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் தட்டிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை ஒருத்தி தெளித்துக்கொண்டே வருவாள். ஒரு பெண் பாட்டெடுத்தால் மற்றவர்களின் கட்டை அந்தத் தாளத்துக்கு விழும். சத்தம் மாறுவதை வைத்தே தளம் இறுகிவிட்டதா என்று கொத்தனார் கீழே நின்றபடி சொல்லிவிடுவார். நாள் கணக்கில் அது நடந்தது. எங்கள் அம்மா ஒரு கையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டே அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பார்.

கிரகப்பிரவேசத்தன்று முதல் வேட்டி கொத்தனாருக்கு. சித்தாள் பெண்களுக்கு நைனா தன் தறியில் நெய்த சேலைகளையே கொடுத்தார். பிறகு ஒரு ஐப்பசியில் மூலையில் ஒழுகியபோது, ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொத்தனாரையே கூப்பிட்டோம், வந்தார், அடைத்தார்.

அந்த வீட்டில் கஷ்டம் இல்லாமல் இல்லை. அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். குழி காய்கிற வரைக்கும் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது. வருஷக்கணக்காகக் குழிக்குள் கால் வைத்து மிதித்ததில் நைனாவின் முழங்கால் நாற்பது வயதிலேயே மடங்க மறுத்தது. ஆனால் வீட்டை எழுப்பினவர் யார், அவர் என்ன சாப்பிட்டார், அவர் பிள்ளை எங்கே தூங்கிற்று என்பதெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியும். எனக்கு இப்போது உறுத்துவது அதுதான்.

நான் இப்போது அம்பத்தூரில் குடியிருக்கிறேன். திருத்தணி லோக்கல் ரயில் நின்று போகிற ஊர் என்பதால் பிடித்த இடம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு இங்கே தனிவீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து அடுக்குமாடியாகின்றன. 2019-ல் தமிழ்நாட்டுக்கு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கின. 18.3 மீட்டர் உயரம் வரைக்கும் சாதாரணக் கட்டடம் என்றே கணக்கு. அதனால் தூண்தளத்துக்கு மேல் ஐந்து மாடி எழுப்பலாம். எங்கள் எதிர்மனையில் மாமரமும் கிணறுமாக நின்ற ஓட்டுவீட்டுக்கும் அந்த முறை வந்தது. ஜேசிபி வந்தது, வீடு போனது.

அன்றிலிருந்து சாவி கொடுக்கிற நாள் வரைக்கும் அந்தக் கட்டடத்தை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். பூமி பூஜை, கடக்கால், தூண், சென்ட்ரிங், கம்பி கட்டுதல் என்று ஒவ்வொன்றாக ஏறிற்று. பகலில் லாரிகளுக்குத் தடை இருப்பதால் ரெடிமிக்ஸ் வண்டிகள் இரவில்தான் வரும். குழாய் வழியாகக் கலவை மேலே ஏறும். எங்கள் ஊரில் பல நாள் அடித்த தளம் இங்கே விடிவதற்குள் முடிந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள், தூண்களில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கும்.

கம்பி கட்டுகிறவர்கள்தான் என்னை அதிக நேரம் நிற்க வைத்தார்கள். நீளக்கம்பியும் குறுக்குக்கம்பியும் பாவும் ஊடையும் போலக் குறுக்கிடும் இடத்தில், மெல்லிய கட்டுக்கம்பியை மாட்டி, கொக்கியால் ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு. அவ்வளவுதான், கை அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். அறுந்த இழைக்கு நைனா முடிச்சுப் போட்டதும் இதே வேகத்தில்தான். விரல் செய்யும், கண் வேறெங்கோ இருக்கும். கான்கிரீட் விழுந்த பிறகு அந்த முடிச்சுகளை ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

மனையின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதில் ஒரு குடும்பம். அந்தப் பெண் தலையில் சும்மாடோடு குழாயடியில் நின்றபோது பேச்சுக் கொடுத்தேன். தமிழில் கேட்டதற்குச் சிரித்தாள். "மீதி ஏ ஊரு?" (உங்க ஊர் எது?) என்று தெலுங்கில் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஸ்ரீகாகுளம் பக்கம் என்றாள். எனக்குத் தெலுங்கு வருவது ஊர் வழியாகத்தான். 1960 ஏப்ரல் 1-ல் எங்கள் திருத்தணி வட்டம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி வாங்கின மண் அது. எல்லை மாறினாலும் எங்கள் தெருக்களில் தெலுங்கு மாறவில்லை. சந்தையில், நூல் கடையில், கல்யாணத்தில் இரண்டும் கலந்தேதான் பேசுவோம். அந்தத் தெலுங்கு எனக்கு வேறெங்கும் இத்தனை உபயோகப்பட்டதில்லை. அவளுடைய தெலுங்கு வேறு ராகம், என்னுடையது சித்தூர்ப் பக்கத்து ராகம். இருந்தாலும் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை.

அவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளை. தூண்தளத்தில் இரண்டு முட்டுக்கம்புக்கு நடுவே பழைய சேலையில் தூளி. மேலே சென்ட்ரிங் பலகை, அதற்கு மேலே முந்தின இரவு போட்ட தளம். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் என்று கணக்கு வைப்பார்கள். அந்தப் பிள்ளை அதன் அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கிற்று. 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில், மழையோடு மழையாக, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி விழுந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். சில விநாடிக் காட்சி அது. செத்தவர்களின் ஊர்ப்பெயர் நமக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதிற்று. அம்பத்தூர் தெருவில் எழும்புகிற ஐந்து மாடியில் ஐம்பது பெண்கள் எப்போது இருந்தார்கள்? ஐந்து பேர் இருந்தால் அதிகம். சென்னையைச் சுற்றி எழும்புகிற சின்ன அடுக்குமாடிகள் பெரும்பாலும் இப்படித்தான். சட்டம் இருந்தும் தூளி முட்டுக்கம்பில்தான் தொங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாகப் போகிறது. தமிழ்நாட்டில் 1994-லிருந்து நலவாரியமும் இருக்கிறது. அவளிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். எந்த வாரியம் என்று திருப்பிக் கேட்டாள்.

மேஸ்திரியிடம் போய்ப் பேசினேன். நல்ல மனுஷர். "நான் சொன்னா யாருங்க கேக்குறாங்க" என்றார். ஆனாலும் காவலாளிக்காகக் கட்டின அறைக்குக் கதவு வைத்ததும் முதல் வேலையாகத் தூளியை அங்கே மாற்றிக் கொடுத்தார். ஒரு மின்விசிறியை நான் கொண்டுபோய் மாட்டினேன். இதற்கு ஆன செலவு அந்தக் கட்டடத்தின் ஒரு சன்னல் கண்ணாடிக்குக்கூட வராது.

வேலை முடிகிற நேரத்தில் நைனா ஊரிலிருந்து வந்திருந்தார். கைத்தடியோடு மூன்றாம் மாடி வரைக்கும் ஏறினார், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கூடம், இரண்டு படுக்கையறை, பால்கனி எல்லாம் பார்த்துவிட்டு, "வேலை எங்க செய்வாங்க?" என்று கேட்டார். ஆபீசில் செய்வார்கள் என்றேன். தலையாட்டினார். எங்கள் ஊரிலும் இப்போது அதே நிலைமைதான். தறிக்குழிகளை மூடி சிமெண்டு பூசியாயிற்று. வெளியே தனிக்கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது. 2023-லிருந்து இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதால் ஏதோ தாக்குப்பிடிக்கிறது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். புதிதாக எழும்புகிற வீடுகளுக்குக் கூடம் உண்டு, பாவு நீளத்துக்கு இல்லை.

சாவி கொடுத்த அன்று எதிர்வீட்டில் ஹோமம், பந்தி எல்லாம் நடந்தது. கொத்தனாருக்கு வேட்டி கொடுத்ததாகத் தெரியவில்லை. கொத்தனார் யார் என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளும் இல்லை. ஸ்ரீகாகுளத்துக் குடும்பம் அதற்கு முன்பே தகரங்களைக் கழற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு திருநின்றவூர்ப் பக்கம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

எங்கள் தெருமுனையில் இன்னொரு தனிவீட்டுக்குப் பேச்சு முடிந்திருக்கிறது. பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பறை, பிள்ளைகளுக்கு முட்டுக்குத் தள்ளி ஓர் அறை, வருகிறவர்கள் எல்லாருக்கும் வாரியப் பதிவு, இவ்வளவும் தூண் எழும்புவதற்கு முன்னால் வேண்டும் என்று சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்றார். கடக்கால் தோண்டுகிற அன்று காலையில் மறுபடியும் போவேன், தெருக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு.