தவிசாளர் சொன்னால் கடை திறக்குமா?

கேள்வி: ஊர் முடக்கம், கடைநேரம், தடுப்பூசி என்று நோய்த்தொற்றுக் காலத்தில் உள்ளூர் அரசியல்வாதி எல்லாவற்றையும் அறிவிக்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: அறிவிக்கலாம். முடிவெடுக்க முடியாது. இலங்கையில் தொற்றுநோய்க்கு எதிரான கட்டளைகள் பிறப்பது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து. அந்தச் சட்டத்தின் கடிவாளம் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. மேலே சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், ஊர் மட்டத்தில் சுகாதார வைத்திய அதிகாரி, வாசல் வரை வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதி அடங்கும் மண்முனைப்பற்றுப் பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்தவை சந்தை, குப்பை, வடிகால், மயானம், உள்வீதி போன்றவை. ஆகவே தவிசாளர் சொல்லிக் கடை திறக்காது. ஆனால், நெரிசலான சந்தையைப் பக்கத்து மைதானத்துக்கு மாற்றி, ஆளுக்காள் இடைவெளி விட்டு நடத்த சபையால் முடியும். 2020இல் நாட்டின் பல சபைகள் அதைச் செய்துகாட்டின.

கேள்வி: சுகாதாரம் மாகாண சபையின் பொறுப்பு என்கிறார்களே?

பதில்: அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்க, ஊர் வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழ் வருகின்றன. ஆனால் 2012 செப்டெம்பரில் தெரிவான கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30உடன் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. கொவிட் வந்தபோது மாகாணத்தில் ஆளுநர் இருந்தார், அதிகாரிகள் இருந்தார்கள். மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஒட்சிசன் எத்தனை கட்டிலுக்கு இருக்கிறது, பரிசோதனை முடிவு ஏன் பிந்துகிறது என்று மாகாண மட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

கேள்வி: பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டிருக்கலாமே?

பதில்: முதலாவது அலையின்போது அவர்களும் இல்லை. பாராளுமன்றம் 2020 மார்ச் 2 அன்று கலைக்கப்பட்டது. மார்ச் 20 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. இரண்டு முறை பிந்திய தேர்தல் ஓகஸ்ட் 5இல் நடந்து, ஓகஸ்ட் 20 அன்றுதான் புதிய பாராளுமன்றம் கூடியது. மாகாண சபையும் இல்லாத அந்த ஐந்தரை மாதங்களில் ஆரையம்பதி வாக்காளருக்கு எஞ்சியிருந்த மக்கள் மன்றம் 2018 பெப்ரவரியில் தெரிவான பிரதேச சபை ஒன்றே. சுகாதாரத்தில் ஆகக் குறைந்த அதிகாரம் உள்ள சபையே ஆகக் கூடுதலான கேள்விகளுக்கு முகங்கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளூர் உறுப்பினர் மக்களுக்குத் தரும் தகவலை அற்பமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கேள்வி: நல்ல அறிவிப்பு எப்படி இருக்கும்?

பதில்: முடிவெடுத்தவர் யார், எந்தத் திகதி வரை, யாருக்குப் பொருந்தும், சிக்கல் வந்தால் எங்கே போவது என்பதெல்லாம் அதில் இருக்கும். உதாரணத்துக்கு 2021 மே 13 முதல் நடைமுறைக்கு வந்த அடையாள அட்டை விதியை எடுத்துக்கொள்ளலாம். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைத் திகதியில் வெளியே போகலாம், இரட்டையானால் இரட்டைத் திகதியில். கொழும்பிலிருந்து வந்த அறிவித்தல் அவ்வளவுதான். ஆரையம்பதியில் ஒரு மூதாட்டி தன் பழைய அட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். கணக்கில் வருவது அந்த எழுத்துக்கு முந்திய இலக்கம். அது பூச்சியமானால் இரட்டை. வேலைக்குப் போகிறவருக்கு இந்த விதி கிடையாது. கணவன் ஒற்றை, மனைவி இரட்டை என்றால் அந்த வீட்டிலிருந்து தினமும் ஒருவர் கடைக்குப் போகலாம். இருவரும் ஒற்றை என்றால், இரட்டைத் திகதியில் நீரிழிவு மருந்து முடிந்துபோனால் என்ன வழி? இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கும் உறுப்பினர்தான் தகவல் தருகிறார். வர்த்தமானியைப் படமெடுத்துப் பகிர்வதோடு நிற்பவர் தபால்காரர் வேலையைப் பாதி செய்கிறார்.

கேள்வி: ஊரடங்குக் காலத்து 5,000 ரூபாய் உதவியை அரசியல்வாதி கையால் கொடுத்தால் என்ன குறை?

பதில்: அது அவருடைய பணம் அல்ல என்பதே குறை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் வழங்கப்பட்ட அந்தக் கொடுப்பனவு அரச நிதி. தேர்தல் காலம் என்பதால், அரசியல்வாதிகள் அதைக் கையளிப்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவும் ஆட்சேபித்தது. பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பத்தை கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துப்போய்ச் சேர்ப்பிப்பதுதான் உறுப்பினரின் பங்கு. அதற்குப் படம் பிடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீதியெல்லாம் கிருமிநாசினி தெளித்தார்களே, அதாவது பலன் தந்ததா?

பதில்: இல்லை. திறந்த வெளியில் கிருமிநாசினி தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே வேண்டாம் என்றது. புழுதியும் குப்பையும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். தெளிக்கும் தொழிலாளியின் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது கேடு. அந்தச் செலவில் சந்தை வாசலில் ஒரு குழாயும் சவர்க்காரமும் வைத்திருந்தால் கை கழுவவாவது உதவியிருக்கும்.

கேள்வி: அமைச்சரே பாணி குடித்துக் காட்டினார். மக்கள் யாரை நம்புவது?

பதில்: 2020 டிசம்பரில், கொவிட்டுக்கு மருந்து என்று சொல்லிக் கேகாலைப் பகுதியில் தயாரான ஒரு பாணியைத் தேடி ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அதைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. 2021 ஓகஸ்டில் அந்த அமைச்சு வேறொருவர் கைக்கு மாறியது. அந்தப் பாணியில் சேர்ந்த தேனும் சாதிக்காயும் யாருக்கும் பகை அல்ல. சுதேச மருத்துவத்துக்கு மட்டக்களப்பில் உள்ள மதிப்பும் குறையவில்லை. சோதித்துப் பார்க்காத ஒன்றுக்கு அரசு அதிகாரத்தின் நிழல் கிடைத்ததுதான் கேடு. பாணிக்காக முண்டியடித்த கூட்டமே தொற்றுக்கு வழி திறந்தது. ஊர் உறுப்பினருக்கு இதில் பாடம் உண்டு. மருந்து பற்றிய கேள்வி வந்தால் பதிலைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: புணானையில் தனிமைப்படுத்தல் நிலையம் வந்தபோது மாவட்டத்தில் எதிர்ப்பு எழுந்ததே. சரியா?

பதில்: அச்சம் இயல்பு. 2020 மார்ச் 10 அளவில் இத்தாலி, ஈரான், தென் கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரைத் தங்கவைக்க நாட்டின் முதல் நிலையங்களில் ஒன்றாகப் புணானையிலுள்ள பல்கலைக்கழகக் கட்டடம் எடுக்கப்பட்டபோது, ஊராருக்கு ஒழுங்கான விளக்கம் தரப்படவில்லை. மட்டக்களப்புக்கு நோயாளரைத் தனிமைப்படுத்துவது புதிதும் அல்ல. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை ஒன்று பிரித்தானியர் காலம் முதல் இயங்கியிருக்கிறது. ஆனால் விளக்கம் வராத இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர், எத்தனை நாள், கழிவு எங்கே போகும் என்ற மூன்று பதில்களை முதல் நாளே சொல்லியிருந்தால் வீதி மறியலுக்கு அவ்வளவு ஆள் சேர்ந்திருக்காது.

கேள்வி: கொவிட் கொள்கைகளில் இந்த மாவட்டம் மறக்க முடியாதது எது?

பதில்: உடல்களை எரித்தது. உடலை அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 அன்றே வழிகாட்டியது. அதையும் மீறி ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கக் கட்டளையிட்டது. நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு அறிவியல் சான்று முன்வைக்கப்படவில்லை. எரிப்பதை மார்க்கம் விலக்கிய முஸ்லிம் குடும்பங்கள், சாவின் துயரோடு இந்தத் துயரையும் பத்து மாதங்களுக்கு மேல் சுமந்தன. பிறந்து 20 நாட்களே ஆன ஒரு பச்சிளங் குழந்தையும் எரிக்கப்பட்டது.

ஆரையம்பதிக்கு மறுபக்கம் காத்தான்குடி. ஒரே வீதி, ஒரே வாவி, ஒரே கடல். இரண்டு ஊர்களுக்கும் இடையே பழைய மனக்கசப்புகள் பல உண்டு. ஆனாலும் 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி, இந்தக் கல்முனை வீதியால் வடக்கே போனபோது, அடக்கம் செய்யும் உரிமையும் அதன் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. தமிழ் அரசியல்வாதிகளும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நடந்தார்கள். கொவிட் காலத்தில் இந்தக் கரையில் அரசியல்வாதிகள் மக்களுக்கு விடுத்த செய்திகளில் மிகத் தெளிவானது அந்த நடைதான். எந்த ஊடக அறிக்கையும் அதற்கு ஈடாகவில்லை.

2021 பெப்ரவரி 25 அன்று அடக்கத்துக்கு அனுமதி வந்தது. முதலில் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவைக் குறித்தார்கள். அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்திலேயே ஓட்டமாவடியின் மஜ்மா நகர் தெரிவானது. மார்ச் 5 முதல் ஓராண்டு, அடக்க வேண்டிய உடல்கள் நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து அங்கே வந்தன. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. குழி வெட்டவும் இடத்தைப் பேணவும் துணைநின்றது கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை. மயானம் சபையின் பொறுப்பு என்ற ஒற்றை வரி, சட்டப் புத்தகத்தை விட்டு இறங்கி வந்த இடம் அது. கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கேட்பதென 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது.

கேள்வி: வைகாசிச் சடங்கைக்கூட நிறுத்தினார்களே. அம்மன் கோபிக்கமாட்டாவா?

பதில்: மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் குளிர்த்திச் சடங்கு செய்வதே வெப்பு நோயும் கொள்ளைநோயும் ஊரை அண்டக் கூடாது என்றுதான். நோய் பரவாமல் காக்கும் எதுவும் அந்த வேண்டுதலுக்கு எதிராக முடியாது. 2021 மே 21 முதல் ஒரு மாதம் நாடெங்கும் பயணத்தடை நின்றது. அதில் பெரும்பகுதி வைகாசி. கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், சபை உறுப்பினர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் ஒரு மேசையில் இருந்து பேசிய ஊர்களில் பிணக்கு குறைந்தது.

கேள்வி: கேரளத்தைப் பார் என்கிறார்கள். அங்கே என்ன விசேடம்?

பதில்: அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன் மாலைதோறும் செய்தியாளரைச் சந்தித்து அன்றைய எண்ணிக்கையைச் சொன்னது வெளியே தெரிந்த பகுதி. உள்ளே இருக்கும் பகுதி பழையது. 1990களின் அதிகாரப் பரவலாக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் கைக்குப் போயின. அதனால் வார்டு உறுப்பினரும் ஊர் மருத்துவரும் ஒரே அமைப்புக்குள் வேலை செய்கிறார்கள். 2018இல் நிபா வைரஸை எதிர்கொண்ட அனுபவமும் கைகொடுத்தது. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து ஊர்ச் சுகாதாரம் திணைக்களத்தின் பிள்ளையாகவே வளர்ந்திருக்கிறது. திறமையில் அது எவருக்கும் குறைந்ததல்ல. 2016இல் மலேரியா அற்ற நாடென்று இலங்கை சான்று பெற்றதில் அதன் உழைப்பும் உண்டு. ஆனால் அந்த உழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கவோ, மக்களுக்கு எடுத்துச் சொல்லவோ உள்ளூர்ச் சபைக்கு நிரந்தர வாசல் ஒன்று வைக்கப்படவில்லை. வைக்க வேண்டும்.

கேள்வி: கொவிட் போய்விட்டது. இனி உறுப்பினருக்கு என்ன வேலை?

பதில்: உலக அளவிலான சுகாதார அவசரநிலை 2023 மே 5 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நுளம்புக்கு அப்படி ஒரு திகதி கிடையாது. 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்துடன் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் சிரட்டையிலும் தயிர்ச் சட்டியிலும் பீலியிலும் தேங்கும் தண்ணீர், ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம்கொடுப்பது குற்றம். தனியார் வளவைச் சோதிப்பவர் பரிசோதகர். அதே வீதியில் அடைத்துக்கிடக்கும் வடிகானைத் துப்புரவாக்க வேண்டியது சபை. இங்கே மட்டும் உறுப்பினருக்கு அறிவிக்கும் வேலையோடு செய்யும் வேலையும் முழுதாக உண்டு. கொவிட்டில் காட்டிய வேகத்தில் கால்வாசியை மழைக்கு முந்திய மாதத்தில் காட்டினாலே பல கட்டில்கள் வெறுமையாக இருக்கும்.

கேள்வி: சபை கலைந்திருந்தால் யாரிடம் போவது?

பதில்: அதுவும் நடந்தது. 2018இல் தெரிவான சபைகள் ஓராண்டு நீடிப்புக்குப் பின் 2023 மார்ச் 19 அன்று முடிவுக்கு வந்தன. அந்த மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் 2025 மே 6 வரை தள்ளிப்போனது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிந்திய மருந்துத் தட்டுப்பாட்டோடு மக்கள் மல்லுக்கட்டிய காலத்தில், மாகாண சபையும் இல்லை, பிரதேச சபையும் இல்லை. நிர்வாகம் நடந்தது. கேட்பாரும் சொல்வாரும் இல்லாமல் நடந்தது.

கேள்வி: உறுப்பினர் சொல்வது சரிதானா என்று மக்கள் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிரதேச சபைக்கும், சுகாதாரப் பணிமனைக்கும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கொவிட் நிதியில் என்ன வாங்கப்பட்டது, டெங்குப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பதாரரிடம் விசாரிக்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

கேள்வி: அவசரத்துக்கு உறுப்பினரைத்தான் முதலில் அழைப்பதா?

பதில்: வேண்டாம். முதலில் 1990. சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். உறுப்பினருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.