மீனில்லாத தொட்டிக்குத் தீனியிடல்: ஓர் ஆய்வுரை

மீன்தொட்டி மீன் வளர்ப்பதற்கானது என்றொரு கருத்து மக்களிடையே வெகுகாலமாக நிலவுகிறது. இதற்குச் சான்று போதாது. செடி வைத்த சிறு தொட்டிகளைக் கூர்ந்து நோக்கியதில், அவற்றில் முதலில் வளர்வது வீட்டாரின் சந்தேகமே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வுப்பொருள், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. கண்ணாடியும் கல்லும் தனிக்கணக்கு. இதை டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கலாமா என்ற வினாவுக்கு, கூடாது என்பர் மனைவியர். கணவர் வைத்தபின் ஸ்டாண்டும் அதையே சொல்லும்.

அடித்தளம் குறித்து இரு கட்சிகள் உள. தோட்டத்து மண்ணை ஓரங்குலம் பரப்பி மேலே சரளையால் மூடுவது மண் கட்சி; செடித் தொட்டிகள் பற்றி டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலே இவர்களுக்கு வேதம். வெறும் சரளை போதும் என்பது எதிர்க்கட்சி. மண் கட்சிக்காரர் ஒரு செடியைப் பிடுங்கி இடம் மாற்ற நினைக்கும் நாளில் தொட்டி ஆடிப்பெருக்குக் காவிரியாகிவிடும். அன்று எதிர்க்கட்சிக்குத் திருவிழா.

செடிகளும் ஆளுக்கொரு குணம். அனுபியாஸின் தடித்த தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டவேண்டும். கிரிப்டோகோரைன் புதுத் தண்ணீரைக் கண்டதும் இலைகளையெல்லாம் கரைத்துவிட்டு, காசு கொடுத்தவர் கைகழுவிய பிறகு வேரிலிருந்து துளிர்க்கும்.

இனி மையப்பொருள். மீன் கழிவில் அம்மோனியா உண்டு, அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சு. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதைச் செடி எடுத்துக்கொள்ளும். மண்ணில் இவ்வேலை செய்யும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். தொட்டியில் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீனும் இல்லாமல் அவற்றின் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி? தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். ஆகவே வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும், மீனே இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன்தீனி தூவுகிறார். தீனி மிதக்கிறது. ஊறுகிறது. மெல்ல இறங்கிச் சரளையில் படிகிறது. எவரும் வந்து தின்னவில்லை. அவர் முகத்திலோ பரம திருப்தி. இதைக் கதவோரம் நின்று பார்த்த மாமியார் ஒருவர், "ஏண்டி, மாப்பிள்ளைக்கு ஆபீசுல ஏதாவது பிரச்சினையா?" என்று மகளிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தது பதிவாகியுள்ளது.

விருந்தினர் கருத்துகளும் திரட்டப்பட்டன. குழந்தைகள், மீன் செடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாக நம்பிக் கண்ணாடியைத் தட்டுகின்றனர். பெரியப்பாக்களின் நிலைப்பாடு வேறு: "கொளத்தூர் மீன் கடைக்குப் போனா கவர்ல தண்ணி ஊத்தி, கப்பி மீன் பிடிச்சுப் போட்டு, ரப்பர் பேண்டு சுத்திக் குடுக்கப்போறான். நீ என்னடா பாசிக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்க?" இவ்வாதத்துக்குத் தக்க மறுப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வளவுக்குப் பின் தொட்டியில் முதலில் தலைகாட்டுவது நத்தை. எவரும் வாங்கவில்லை, செடியின் இலையடியில் முட்டையாக ஒட்டிக்கொண்டு ஓசியில் வந்தது. பாக்டீரியாவுக்கென்று போட்ட தீனி முழுவதும் அதற்கே. சில வாரங்களில் கண்ணாடியெங்கும் கடுகளவில் குஞ்சுகள். இதன்பின் அவ்வீட்டில் "மீன் எப்போ வரும்?" என்று எவரும் கேட்பதில்லை, "இந்த நத்தை எப்போ போகும்?" என்றே கேட்கின்றனர்.